அலுமாரிக் கதவின் மீன்

சேசு மரி சூசை துணை

நெஞ்சுநோய் ஆஸ்பத்திரி, ஏழாம் வாட்டு,
கொழும்பு.
06.02.1966

அன்புத் தங்கச்சி ஜோசப்பினுக்கும் மச்சான் மத்தேயுவுக்கும் அண்ணன் பஸ்தியாம்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கே மூச்சு ஒழுங்காக வந்து போகிறது. அங்கே நீங்கள் மூன்று பேரும் என்னைவிட நன்றாக மூச்சு விடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

நத்தாருக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மட்டக்களப்பு றோட்டெல்லாம் தண்ணீர் என்று பேப்பரில் பார்த்தேன். வெள்ளம் வடிந்து எவ்வளவு நாள் ஆகிறது, உன் பேனாவுக்கு இன்னும் கரை தெரியவில்லையா? வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? நான் செய்து தந்த அலுமாரியில் பட்டதா? அதன் கதவில் நான் ஒட்டியது வச்சிரப் பசை. தண்ணீர் பட்டால் அது கரைந்து மேலே ஒட்டிய மெல்லிய மர ஏடு கழன்றுவிடும். கவனம்.

எனக்கு இங்கே ஒரு வேலை கிடைத்திருக்கிறது. மருதானையில் சலூன் சாமான் கடை வைத்திருக்கும் காத்தான்குடி முகைதீன்பாவா காக்காவை உனக்குத் தெரியும்தானே. நல்ல இரும்பில் செய்த பழைய சவரக்கத்திகளை அவர் கொண்டுவந்து தருகிறார். பிடி எல்லாம் வெடித்துப்போனவை. நான் புதுப்பிடி போடுகிறேன். நேர்ஸ் அம்மாவுக்குப் பிடிக்காத வேலை, ஆனாலும் தூள் பறக்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதால் விட்டுவிட்டாள். ஒரு பிடிக்கு இரண்டு இதழ். உள்ளே சாதா மரம், மேலே வரி நெளிந்து பூ விழுந்த மரத்தின் மெல்லிய ஏடு. அந்த ஏடுதான் இங்கே கிடைக்கவில்லை. உடைந்த பெட்டி, பழைய மேசை எதிலாவது அகப்பட்டால் மத்தேயுவைக் கழற்றி அனுப்பச் சொல்.

என் மருமகள் பிலோ எப்படி இருக்கிறாள்? இன்னும் அலுமாரியோடு கதைக்கிறாளா? காக்காவிடம் கொடுத்தனுப்பிய வெள்ளைத் துணியைத் தைத்துவிட்டாயா? ஆவணித் திருநாளில் அவள் முதல்தரம் நற்கருணை எடுத்து முதல்நன்மை வாங்கும்போது ஞானத்தகப்பன் நான் பக்கத்தில் நிற்பேன். பெரிய டொக்டரிடமும் அதைத்தான் சொன்னேன். "மனதைக் குழப்பாமல் படுத்திருந்தால் நிற்கலாம்" என்றார். நான் விழுங்குகிற மாத்திரை எல்லாம் அந்த ஒரு நாளுக்காகத்தான், தங்கச்சி.

பிலோவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.

உன் அண்ணன்,
பஸ்தியாம்பிள்ளை

*

தேற்றாத்தீவு,
20.02.1966

மதிப்புக்குரிய முகைதீன்பாவா காக்காவுக்கு பஸ்தியாம்பிள்ளையின் தங்கச்சி ஜோசப்பின் எழுதுவது. உங்களுக்கும் வீட்டாருக்கும் நோன்பு முடிந்து நல்ல காலமாக இருக்கட்டும்.

காக்கா, எங்கள் பிலோ இல்லை. தை மாதம் வெள்ளத்தோடு வந்த நெருப்புக்காய்ச்சலில் போய்விட்டாள். தோணியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், கொண்டு வந்தோம். ஊரைச் சுற்றித் தண்ணீர். பெட்டி செய்யத் தச்சரும் இல்லை, பலகையும் இல்லை. அண்ணன் என் கலியாணத்துக்குச் செய்து தந்த அலுமாரி முழங்காலளவு தண்ணீரில் நாள்கணக்காக நின்றது. அவர் கதவில் ஒட்டியிருந்த மேல் ஏடு ஊறிக் கழன்று தொங்கியது. மத்தேயு அதை உரித்துப் போட்டுவிட்டு, உள்பலகையை அறுத்துப் பெட்டி அடித்தார். அவர் மீன்பிடிகாரன், தச்சன் இல்லை. பலகை அறுக்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இதை அண்ணனுக்குச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அம்மா செத்த தந்தி வந்த அன்று அவர் எவ்வளவு ரத்தம் கக்கினார் என்பது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற உங்களுக்குத் தெரியும். இந்தச் செய்தி போனால் அடுத்த தந்தி எனக்குத்தான் வரும். எல்லாரையும் கொடுத்துவிட்டு நான் யாரோடு இருப்பேன்? அவர் எழும்பி வீட்டுக்கு வரும்வரை வாய் திறக்காதீர்கள். உங்கள் பிள்ளைகளின் பேரில் கேட்கிறேன்.

அவர் பூ விழுந்த ஏடு கேட்டிருக்கிறார். அந்த உரித்த ஏடுதான் மாட்டுக்கொட்டிலில் கிடக்கிறது. என்னால் எரிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. பசைக் கறையை மண் போட்டுத் தேய்த்து, துண்டாக வெட்டி உங்கள் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன். மரம் மரம்தானே. அவருக்கு என்ன தெரியப்போகிறது? அவர் கைக்கு ஒரு வேலை இருந்தால் போதும்.

வேறு எழுத வரவில்லை.

ஜோசப்பின்

*

சேசு மரி சூசை துணை

தேற்றாத்தீவு,
20.02.1966

அன்புள்ள அண்ணனுக்கு தங்கச்சி ஜோசப்பின் எழுதுவது. ஆண்டவருடைய சித்தத்தால் நாங்கள் இருக்கிறோம். உங்கள் இருமல் குறைந்திருக்கிறதா? முட்டை ஒழுங்காகத் தருகிறார்களா?

கடிதம் எழுதாததற்குக் கோபிக்கவேண்டாம். வெள்ளத்தால் தபாற்கந்தோர் பூட்டியிருந்தது. தண்ணீர் வாசற்படி வரை வந்து போய்விட்டது. அலுமாரிக்கு ஒன்றும் இல்லை.

நீங்கள் கேட்ட மரம் கொஞ்சம் கிடைத்தது. மட்டக்களப்பில் ஒரு பழைய வீட்டை உடைத்தபோது மத்தேயு எடுத்து வந்தது. காக்கா கொண்டு வந்து தருவார்.

வெள்ளைச் சட்டை தைத்தாயிற்று. போட்டுப் பார்த்தோம். அளவாக இருந்தது. பிலோ முன்னைவிடச் சத்தம் குறைவு. முன்பல் ஒன்று ஆடுகிறது, அதைத் தொட விடமாட்டாளாம். நீங்கள் கேட்டபடி அலுமாரியோடும் கதைக்கிறாள்தான். கண்ணாடி இல்லாத கதவோடு என்ன கதை என்று நான் கேட்பதில்லை.

நீங்கள் எதையும் யோசிக்காமல் படுத்திருங்கள். மருந்தை விடாதீர்கள்.

உங்கள் தங்கச்சி,
ஜோசப்பின்

*

கொழும்பு,
13.03.1966

அன்புத் தங்கச்சிக்கு, அண்ணன் எழுதுவது. நிறை கூடியிருக்கிறேன். ஆடு மாடு மாதிரி ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்களை நிறுத்துப் பார்க்கிறார்கள். நீங்களும் சுகம் என்று எழுதியதைப் படித்தேன்.

உன் மரத்தால் வாட்டில் ஒரு வழக்கே நடந்தது. அடுத்த கட்டில் நல்லரத்தினம் இளைப்பாறிய ஓவசியர். அதைப் பார்த்துவிட்டுச் சீமை மரம் என்றார், கப்பலில் வந்ததாம். காக்கா தேக்கு என்றார். நேர்ஸ் அம்மாவோ பூ எல்லாம் பெயின்ட் என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். நான் ஒரு துண்டை ஈரத்துணியால் துடைத்து யன்னலுக்குக் கொண்டு போனேன். பெயின்ட் பூ போட்ட இடத்திலேயே நிற்கும். இது நிற்கவில்லை. சாய்த்தால் வெளிச்சமான வரி இருட்டாகிறது, இருட்டு வெளிச்சமாகிறது. தண்ணீருக்குள் வெயில் விழுகிற மாதிரி ஒரு அசைவு. தேக்கென்றால் கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், இதில் இல்லை. சின்னத் துண்டுதான், ஆனாலும் கனம். சீவினால் மெல்லிய ஒரு இனிப்பு வாசம். முதிரை, தங்கச்சி. பூ விழுந்த நம்முடைய காட்டு முதிரை. நூறு மரத்தில் ஒன்றுக்குத்தான் இப்படி விழும். நல்லரத்தினம் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

இதை அறுத்து ஒட்டியவன் வேலை தெரிந்தவன். எங்கும் ஒரே கனம். என்னைவிட ஒரு படி குறைவு என்று வைத்துக்கொள். பாவம், அவன் வேலை தண்ணீர் குடித்து அழிந்துபோயிருக்கிறது. ஓரத்தில் கறை தெரிகிறது. பின்பக்கத்தைத் தேய்த்த உங்கள் கையைத்தான் அடிக்கவேண்டும்.

முதல் பிடியைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய சலூன்காரர் இதே மரத்தில் ஆறு கத்தி கேட்கிறார். அதற்கு அகலமான துண்டு வேண்டும், சோடியாக வேண்டும். ஒரே பலகையை அறுத்துப் புத்தகம் மாதிரி விரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும். பழைய கதவென்றால் இடது கதவிலும் வலது கதவிலும் அப்படித்தான் ஒட்டியிருப்பார்கள். இரண்டிலும் ஒரே இடத்திலிருந்து ஒவ்வொரு துண்டு வெட்டி அனுப்பு. பின்பக்கத்தைத் தயவுசெய்து தேய்க்காதே.

பிலோவை ஒரு வரி எழுதச் சொல். என்ன, மாமனை மறந்துவிட்டாளா?

அண்ணன்

*

சேசு மரி சூசை துணை

தேற்றாத்தீவு,
04.04.1966

அன்புள்ள அண்ணனுக்கு, உயிர்த்த ஆண்டவரின் திருநாள் உங்களுக்குச் சுகம் கொண்டு வரட்டும். நிறை கூடியது கேட்டுக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன்.

சுணங்கிவிட்டது. நீங்கள் கேட்ட அகலத் துண்டுகள் இத்துடன் வருகின்றன. இரண்டு கதவிலும் நடுவில் வெட்டியது. பின்பக்கம் தேய்க்கவில்லை.

பிலோ எழுத இருந்தாள். வலது கையில் தாழை முள் குத்தி வீங்கியிருக்கிறது. பல் விழுந்துவிட்டது, அண்ணன். கூரையில் எறியச் சொன்னேன். மத்தேயுவின் தோளில் ஏறி எறிந்தாள். முதல்தரம் திரும்பி வந்து என் தலையில் விழுந்தது. அவள் சிரித்த சிரிப்பில் அந்த ஓட்டை தெரிந்தது. மறுகா எறிந்தாள், நின்றுவிட்டது. வீட்டில் எப்போதும் உங்கள் கதைதான். "மாமா வாற நேரம் புதுப்பல்லு வந்துருமா?" என்று கேட்கிறாள். வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.

கோயிலில் செபம் எல்லாம் பாடமாக்கிவிட்டாள் என்று சுவாமி சொன்னார்.

பனிக்காலம் முடிந்தாலும் நெஞ்சுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி,
ஜோசப்பின்

*

மருதானை, கொழும்பு.
24.04.1966

அன்பான தங்கச்சி ஜோசப்பினுக்கு முகைதீன்பாவா எழுதுவது. அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைத் தரட்டும். மகளின் செய்தி படித்த அன்று நான் கடையைத் திறக்கவில்லை. இவ்வளவு நாளாகப் பதில் எழுதாததற்கு வேறு காரணம் இல்லை. உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இரண்டாவது பார்சலைப் போன ஞாயிற்றுக்கிழமை கொண்டு போய்க் கொடுத்தேன். பஸ்தியான் நல்ல சந்தோசமாக இருந்தார். நல்லரத்தினத்தைக் கேலி பண்ணிக்கொண்டே பிரித்தார். முதலில் பின்பக்கத்தைத் திருப்பினார். அதில் கீறல் கீறலாக இருந்தது. பசை பிடிக்க ஏட்டின் பின்னால் தச்சர்மார் பல் உளியால் கீறுவார்கள் அல்லவா, அது. கீறல் எல்லாம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் கேலியை விட்டுவிட்டு, தன் இடது கை விரலை அந்தக் கீறல் வழியே ஓட்டிப் பார்த்தார். உங்கள் அண்ணன் இடதுகைக்காரர் என்பது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

பிறகு இரண்டு துண்டையும் கட்டிலில் வைத்துப் புத்தகம் போல விரித்தார். ஒரு சின்னக் கணுவில் விரலை வைத்தார். விரலை எடுக்கவே இல்லை. மணியடித்து எங்களை வெளியே போகச் சொல்லும்வரை அப்படியே இருந்தார்.

நான் எழும்பும்போதுதான் கேட்டார். "காக்கா, நீங்க பெருநாளைக்கு ஊருக்குப் போன நேரம் தங்கச்சிட வீட்ட போனீங்களா?"

"வாசல்ல நிண்டு கதைச்சுட்டு வந்தன்" என்றேன்.

"அலுமாரியக் கண்டீங்களா?"

"உள்ளுக்குப் போகல்ல" என்றேன். வாசலில் நின்றேன் என்றது பொய். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அவர் இரண்டு துண்டையும் எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்தார். இருமவில்லை. தங்கச்சி, வியாபாரத்தில் கூட்டிக் குறைத்துச் சொல்கிறவன்தான் நான். இந்தப் பொய் என் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. ஆனாலும் கேட்டுக்கொண்டபடி வாய் திறக்கமாட்டேன். நீங்கள் யோசித்து ஒரு முடிவுக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
முகைதீன்பாவா

*

கொழும்பு,
26.04.1966

அன்புத் தங்கச்சிக்கு, அண்ணன். சுகம்.

துண்டுகள் கிடைத்தன. நல்ல மரம்.

ஒரு சின்ன உதவி. பிலோவுக்கும் எனக்கும் ஒரு இரகசியம் இருக்கிறது, நீ கேட்டால் சொல்லியிருக்கமாட்டாள். அவளுக்கு நாலு வயது இருக்கும்போது என்னை அலுமாரிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய், கதவில் இருந்த ஒரு மீனைக் காட்டினாள். அதைச் செய்த எனக்கே தெரியாத மீன். கணுதான் கண். பூதான் செதில். இடது கதவில் ஒன்று, வலது கதவில் ஒன்று. "அம்மாட்ட சொல்லிராதீங்க மாமா, கறிக்கு எடுத்துருவா" என்றாள். அவள் அலுமாரியோடு கதைத்தது எல்லாம் அந்த இரண்டு மீனோடும்தான்.

அவளுடைய கை சுகமானதும் ஒரு மெல்லிய கடதாசியைக் கதவில் வைத்து அந்த மீன்களைப் பென்சிலால் படமாகக் கீறச் சொல். எங்கே என்று அவளுக்குத் தெரியும். அதை எனக்கு அனுப்பு. அவசரம் இல்லை.

மத்தேயு எப்படி இருக்கிறார்? நீ சாப்பிடுகிறாயா?

அண்ணன்

*

தேற்றாத்தீவு,
15.05.1966

காக்காவுக்கு ஜோசப்பின். சுகம் விசாரிக்க மனம் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் மீன் கேட்கிறார். கதவில் மீன் இருந்ததாம், பிலோ காட்டினாளாம். ஒன்பது வருசம் அந்தக் கதவை நான் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். எனக்கு அது கதவு. மீனோடு வாழ்கிற மத்தேயுவும் காணவில்லை. மிச்சம் கிடந்த ஏட்டை எல்லாம் வெயிலில் பரப்பி இரண்டு பேரும் குனிந்து குனிந்து தேடினோம். வரிதான் இருந்தது, மீன் இல்லை. அனுப்பிய துண்டில் போயிருக்கவேண்டும். என் பிள்ளை ஒவ்வொரு நாளும் பார்த்த ஒன்றைப் பெற்றவள் நான் பார்க்காமல், கத்தரிக்கோலால் வெட்டித் தபாலில் போட்டுவிட்டேன்.

அவர் கண்டுபிடித்துவிட்டாரா? அலுமாரி உடைந்தது மட்டும் தெரியுமா, எல்லாமே தெரியுமா? தெரிந்தால் ஏன் கேட்கவில்லை?

இன்னொன்றும் சொல்லவேண்டும். அண்ணனுக்குக் கடிதம் எழுதும் நாளில் மட்டும்தான் எனக்குச் சோறு இறங்குகிறது. எழுத எழுத அவள் வளர்கிறாள், காக்கா. போன கடிதத்தில் பல் விழுந்தது. அந்தக் கூரையை நான் இப்போது தினமும் நிமிர்ந்து பார்க்கிறேன், ஒரு பல் கிடக்கிற மாதிரி. மத்தேயு அதைக் கண்டுவிட்டு, "இனி எழுதாத புள்ள, உனக்குப் புத்தி பிசகிரும்" என்றார். எழுதாவிட்டால்தான் பிசகும்.

படத்தை நானே கீறி அனுப்பப் போகிறேன். பிள்ளை கீறிய மாதிரி இருக்க இடது கையால் கீறுகிறேன். நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை.

ஜோசப்பின்

*

சேசு மரி சூசை துணை

தேற்றாத்தீவு,
29.05.1966

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கச்சி. எல்லாரும் சுகம். உங்களுக்கும் அப்படியே ஆகட்டும்.

பிலோ கீறிய படம் இத்துடன் இருக்கிறது. கதவில் கடதாசி நிற்கவில்லை, சோற்றுப்பசை தொட்டு ஒட்டிக் கீறினாள். "அம்மா இனிக் கறிக்கு எடுக்கமாட்டா" என்று சொல்லச் சொன்னாள். என்னைத் திட்டாதீர்கள், நான் உண்மையிலேயே எடுக்கமாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் வாசிப்பில் முதலாவதாக வந்தாள். ஆட்டுக்குட்டி ஒன்று கேட்டு ஒற்றைக்காலில் நிற்கிறாள். மத்தேயு பார்த்துக்கொண்டிருக்கிறார். சட்டைக்கு லேஸ் வைக்கவேண்டும் என்கிறாள். உங்களிடமிருந்து சீக்கிரம் கடிதம் வரவேண்டுமாம்.

தங்கச்சி,
ஜோசப்பின்

*

கொழும்பு,
10.07.1966

அன்புத் தங்கச்சி ஜோசப்பினுக்கு அண்ணன் எழுதுவது. எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சு சுத்தம் என்று டொக்டர் கை கொடுத்தார். இதை முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் நீ பயப்படுவது இதற்குத்தான். இனி நான் எழுதுவதைப் படித்துவிட்டு என்னைப் பற்றி யோசிக்காதே.

உன் படத்தில் இரண்டு மீனும் ஒன்றின்பின் ஒன்றாகப் போகின்றன. கதவில் அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. புத்தகம் மாதிரி விரித்து ஒட்டினால் அப்படித்தான் நிற்கும், வேறு மாதிரி நிற்கவே முடியாது. பிலோவுக்கு அது தெரியும். "ரெண்டும் கதைக்குதுகள் மாமா" என்றுதான் அவள் எனக்குக் காட்டினாள்.

மரத்தை நான் இரண்டாவது பார்சல் வந்த அன்றே கண்டுகொண்டேன். என் கைக்கீறல் எனக்குத் தெரியாதா? அதற்கு முந்திய பார்சலைப் பார்த்து, என்னைவிட ஒரு படி குறைவு என்று என்னையே ஏளனம் பண்ணியிருக்கிறேன். முதலில் மத்தேயுவைத்தான் சந்தேகித்தேன், குடித்துவிட்டு உடைத்தாரோ என்று. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். பிறகு வெள்ளம்தான் என்று விளங்கியது. ஏடு கழன்றால் கழன்றதுதான், மரம் போனால் போகிறது. ஆனால் நீ ஏட்டை மட்டும் அனுப்பினாய். உள்பலகையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏடு மட்டும் கழன்றிருந்தால் நான் வந்து திரும்ப ஒட்ட அதை வைத்திருப்பாய்; வெட்டி அனுப்பினாய் என்றால் ஒட்டுவதற்குப் பலகை இல்லை. ஊரெல்லாம் தண்ணீர் நிற்கிற நேரத்தில் ஒரு வீட்டுக்கு அலுமாரிக் கதவின் பலகை எதற்கு வேண்டும்? நான் தச்சன், தங்கச்சி. அந்தக் கதவின் நீளம் என் கையில் இருக்கிறது. அதில் பெரிய ஆளுக்குப் பெட்டி வராது.

ரத்தம் வரவில்லை. அம்மாவுக்காக வந்த ரத்தம் இவளுக்காக வரவில்லையே என்று என் நெஞ்சின்மேல் எனக்கு அவ்வளவு கோபம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நிறை கூடிக்கொண்டே வந்தது. நேர்ஸ் அம்மா கைதட்டினாள்.

தெரிந்தும் நான் ஏன் கேட்கவில்லை என்று நீ நினைப்பாய். நீ எழுதிய பல்லுக்காகத்தான். அது உன் தலையில் திரும்பி விழுந்ததைத் திரும்பத் திரும்பப் படித்து நான் வாட்டில் தனியாகச் சிரித்தேன். தெரிந்துகொண்டே சிரித்தேன். கேட்டுவிட்டால் அந்தக் கடிதங்கள் நின்றுவிடும். படம் கேட்டேனே, அது உன்னைப் பிடிக்க இல்லை. எங்காவது நான் கணக்குப் பிழைத்திருக்கிறேனா என்று பார்க்கத்தான். பிழைத்திருக்கவேண்டும் என்று எல்லாப் புனிதர்களையும் கும்பிட்டேன்.

ஐந்து கத்தி செய்து கொடுத்துவிட்டேன். அப்போது கை ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தினால் என்ன செய்வேன் என்று பயம். கொழும்பில் யார் யாருடைய கழுத்துக்கோ அவள் அலுமாரி போய் வருகிறது. அதை நினைத்தால் சோறு இறங்காது. ஆறாவதைக் கொடுக்கவில்லை. அதில் மீன் இருக்கிறது. கத்திப்பிடியில் இரண்டு இதழும் முதுகோடு முதுகாக நிற்கும். இந்தப் பக்கத்தில் ஒரு மீன், திருப்பினால் அந்தப் பக்கத்தில் அதே மீன், தலை ஒரே பக்கம். கதவில் இரண்டாக இருந்தது, பிடியில் ஒன்றாகிவிட்டது. காக்காவிடம் சலூன்காரர் கேட்டாராம். மரம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்.

இனி உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஆவணியில் நடக்க இருந்த நாளை, அவள் முதல்நன்மை வாங்குவதை, எனக்கு ஒரு கடிதம் எழுது. உன்னால் எழுத முடியும் என்று எனக்குத் தெரியும். அதோடு இரண்டு பேரும் நிறுத்துவோம். பிறகு நான் வீட்டுக்கு வாறேன்.

உன் அண்ணன்,
பஸ்தியான்

*

சேசு மரி சூசை துணை

தேற்றாத்தீவு,
07.08.1966

அன்புள்ள அண்ணனுக்கு ஜோசப்பின் எழுதுவது. உங்கள் நெஞ்சு சுத்தமானதற்கு ஆண்டவருக்குத் தோத்திரம். இதை எழுதும்போது மத்தேயு பக்கத்தில் இருக்கிறார்.

நீங்கள் கேட்ட கடிதம் இது. இதில் நான் ஒரு பொய்யும் சேர்க்கவில்லை.

பிலோ முதல்நன்மை வாங்கினாள், அண்ணன். ஆவணிவரை காத்திருக்கவில்லை. தை மாதம், காய்ச்சல் ஏறி நின்ற நாள், மத்தேயு தோணியில் போய்க் கோயில் சுவாமியைக் கூட்டி வந்தார். சுவாமி நன்மை அப்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தோணிக்குள் குந்தியிருந்து வந்தார். கட்டிலின் நாலு காலுக்கும் கல் வைத்து உயர்த்தியிருந்தோம், கீழே தண்ணீர். சுவாமி கேட்டார், "புள்ள, இது ஆர் எண்டு தெரியுமா?" அவள் கண்ணைத் திறந்து, "தெரியும் சுவாமி, சேசு" என்றாள். பாடமாக்கிய செபத்தைச் சொன்னாள். நடுவில் ஒரு வரியை மறந்து, மறுகா முதலில் இருந்து சொன்னாள். சுவாமி அவசரப்படுத்தவில்லை. வாங்கினாள்.

பிறகு என்னைப் பார்த்து, "மாமா வந்துட்டாரா?" என்று கேட்டாள். "வாறார்" என்றேன். நான் சொன்ன முதல் பொய் அதுதான். அதற்குப் பிறகு உங்களுக்கு எழுதியதெல்லாம் சுலபமாக வந்தது.

அன்றிரவுதான் தோணியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், உயிர் இல்லாமல் கொண்டு வந்தோம். அடுத்த நாள் நீங்கள் அனுப்பிய துணியில் தைத்த சட்டையைப் போட்டோம். அளவாக இருந்தது என்று எழுதினேனே, அது உண்மை. நந்தியாவட்டைப் பூவில் கிரீடம் கட்டித் தலையில் வைத்தேன். கையில் மெழுகுதிரியும் செபமாலையும். அவளோடு படித்த பிள்ளைகள் வெள்ளை உடுத்திக்கொண்டு இரண்டு இரண்டு பேராகச் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி முழங்கால் தண்ணீரில் முன்னால் நடந்தார்கள். மணி அடித்தது. திருநாளில் எப்படி நடக்க இருந்ததோ அப்படியே நடந்தது. நீங்கள்தான் இல்லை.

பெட்டி உங்கள் பலகை. மத்தேயு அழுதுகொண்டே அடித்தார், மூலைகள் பொருந்தவில்லை, கோபிக்காதீர்கள். ஒரு பலகையில் ஒரு கை அகலத்துக்கு உங்கள் பசை விடவில்லை. எவ்வளவு உரித்தும் அந்தப் பூ கழலவில்லை. அந்தப் பலகையை மூடிக்கு வைத்து, பூ உள்பக்கம் அவள் முகத்துக்கு நேரே வரும்படி அடித்தார்.

சேமக்காலையில் அவளைப் புதைத்த இடத்தில் இன்னும் சிலுவை நடவில்லை. மத்தேயு அடையாளத்துக்கு ஒரு தோணித் துடுப்பைக் குத்தி வைத்திருக்கிறார். நீங்கள் வந்து செய்யுங்கள், வேறு யாரும் செய்யக்கூடாது. நீங்கள் ரயில் ஏறும் நாளை எழுதுங்கள், அவர் ஸ்டேசனில் நிற்பார்.

வரும்போது அந்தக் கத்தியைக் கொண்டு வாருங்கள். மீன் எங்கே இருக்கிறது என்று என் விரலைப் பிடித்துக் காட்டுங்கள். ஒன்பது வருசம் துடைத்தும் நான் அதைக் காணவில்லை.

உங்கள் தங்கச்சி,
ஜோசப்பின்